சின்ன முதலாளி – 11: சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரில் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் ஒரு அட்டை தொங்கும். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி ஆட்கள் உடனடித் தேவை. தங்கும் இடம் இலவசம்.' வெளியூர்க்காரர் பார்த்தால் ஊர் செழிக்கிறது என்று நினைப்பார். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன முதலாளிக்கோ வயிற்றைக் கலக்கும். அவரிடம் நேற்றுவரை தைத்தவர் இன்று அந்த அட்டைக்காரரிடம் தைத்துக்கொண்டிருப்பார்.

சென்ற வாரம் மெஷின் வாங்கக் கடன் எடுப்பதைப் பார்த்தோம். மெஷின் வந்தாயிற்று, உட்கார ஆள் வேண்டுமே!

இருபது மெஷின், முப்பது பேர் உள்ள ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். டீ-சர்ட்டின் தோளும் கையும் பக்கவாட்டும் ஓவர்லாக்கில் ஓடும். அடிமடிப்பும் கைமடிப்பும் பேட்லாக்கில் முடியும். பேட்லாக் டெய்லர்கள் நாலு பேரில் இரண்டு பேர் திங்கட்கிழமை வரவில்லை என்றால், பாதி தைத்த பீஸ்கள் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிடும். மதியத்துக்குள் ஓவர்லாக்காரர்களையும் நிறுத்தச் சொல்லவேண்டி வரும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மெஷின் நின்றால் கூலியும் நின்றது. அந்த வாரம் கை இளைத்தவர் அடுத்த வாரம் வேறு அட்டையைப் பார்க்கத் தொடங்குவார். ஒருவர் கிளம்பினால் நாலு பேர் கிளம்புவது இப்படித்தான்.

ஏன் போனார்கள் என்று முதலாளிகளைக் கேட்டால் ஒரே பதில்தான்: "பக்கத்துல ரேட்டு கூட." போனவரைக் கேட்டுப் பாருங்கள். "ரேட்டு அதேதானுங்ணா. அங்க சனிக்கிழமை காசு சனிக்கிழமையே வந்துருது."

திருப்பூரின் வாரம் சனிக்கிழமை சாயங்காலத்தில் முடிகிறது. மளிகைக்கடைப் பாக்கி, குழுக் கடன் தவணை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அன்று கைக்கு வரும் சம்பளக் கவரை நம்பித்தான். 'பார்ட்டிகிட்ட இருந்து பில் வரலை, திங்கட்கிழமை வாங்கிக்கங்க' என்று முதலாளி சொல்வதில் பொய் இருக்காது. வேலை கொடுத்த கம்பெனி அவரை இழுத்தடிக்கும், அவர் இவர்களை இழுத்தடிப்பார். பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

என்னைக் கேட்டால், ரேட்டைக் கூட்டுவதற்கு முன்பு ஒரு வாரச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். ஆளுக்குச் சராசரி 3,500 ரூபாய் என்றால் முப்பது பேருக்கு 1,05,000. நூல் விலை ஏறினாலும் வீட்டில் கல்யாணம் வந்தாலும் அதைத் தொடக் கூடாது. புது மெஷின் வாங்கும் ஆசையைக்கூட இதற்காக ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று இருக்கிறது. முதல் வாரக் கூலியைப் பிடித்து வைப்பது, அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். பெண் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பி, அந்தப் பணத்தையும் இழந்த பெண்கள் உண்டு. பூட்டி வைத்த ஆளை, நிலைத்த ஆள் என்று கணக்கெழுதக் கூடாது.

ஆளை உண்மையாகவே நிலைக்கவைக்கும் இ.எஸ்.ஐ. காப்பீட்டு விஷயத்திலோ பல முதலாளிகள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பத்துப் பேருக்கு மேல் வைத்திருந்தும் பாதிப் பேரைப் பதிவில் காட்டுவதில்லை. மாதம் 14,000 ரூபாய் வாங்குபவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். தொழிலாளி பங்கு 105. அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி, பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். தொழிலாளிகளிலும் சிலர் "எதையும் பிடிக்காதீங்க, முழுசா கையில குடுங்க" என்பார்கள்தான். ஒருமுறை மனைவிக்கு இ.எஸ்.ஐ.யில் ஆபரேஷன் நடந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கார்டை அவரையே மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, பீகார், ஒடிசாக்காரர்கள். ஹோலி, சாத் பூஜை என்று அவரவர் பண்டிகைக்கு அவர்கள் ஊருக்குப் போயே தீருவார்கள். லீவு இல்லை என்றால் சொல்லாமல் போவார்கள், திரும்புகிறபோது வேறு கம்பெனியில் இறங்குவார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, யார் எந்த வாரம் போகிறார் என்று அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள். போக அவர்கள் காசு, வர உங்கள் காசு. திரும்பும் டிக்கெட்டையும் கையோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: கத்துகிற சூப்பர்வைசரை என்ன செய்வது?)