தட்டிக்குப் பின்னே நையாண்டி

வட்டக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் அம்மன் கொடை. சீரியல் பல்பு, மைக் செட், ஐஸ் வண்டி எல்லாம் முன்பக்கம். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் தலையைக் குனிந்து என்னோடு இந்தக் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் வாருங்கள். நையாண்டி மேளம் தயாராகிறது!

காலை எங்கே வைப்பது? பவுடர் டப்பா, ஊக்கு, பாதி குடித்த கட்டன் சாயா, உறை கழற்றிய பம்பை. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டதாம். பம்பைக்காரர் ஓலையைக் கொளுத்தி அனல் காட்டுகிறார், நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தவில்காரர் விரல் விரலாகக் கூடு மாட்டுகிறார். கரகம் ஆடும் அக்கா சலங்கை கட்டியபடியே, தோளில் இடுக்கிய போனில் மகனை அதட்டுகிறார்: "சோறு தின்னியால, இல்ல டிவியத் தின்னியா?"

நாயனக்காரர் வாயில் சீவாளி மட்டும். தனியே ஊதினால் அது வாத்து மாதிரிதான் கத்தும். அதிலேயே ஊர்த் தலைவரின் மைக் பேச்சை ஊதிக் காட்டுகிறார் மனிதர்! முதலில் செருமல், பிறகு "ஹலோ ஹலோ", அப்புறம் முடியவே முடியாத நன்கொடைக் கணக்கு. ஒரு சொல் இல்லை, அத்தனையும் புரிகிறது. ஓட்டை வழியே எட்டிப் பார்த்த பொடியன்கள் மண்ணில் உருளுகிறார்கள்.

"நக்கலும் இதும் ஒண்ணுதானா அண்ணாச்சி?" என்றேன்.

"இல்ல தம்பி. நக்கல்னா கேக்கவன் மொகம் சுருங்கும். நையாண்டின்னா அவந்தான் மொதல்ல சிரிப்பான்" என்றார் தவில்காரர். அகராதி இரண்டுக்கும் கேலி, பரிகாசம் என்றுதான் பொருள் எழுதும். எனக்கு இவர் சொன்னதே போதும். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், நந்தனார் காலட்சேபத்தைப் புரட்டிப் போட்டு, படிக்கப் பட்டணம் போகும் 'கிந்தனார்' கதையாக்கியது இந்த வகைதானே! தேரூர்க்காரரான கவிமணியும் சும்மா இருந்தாரா? சொந்தச் சாதியின் சொத்து வழக்கத்தையே 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் வாரு வாரென்று வாரினார்.

பம்பைக்காரர் கோட்டைப் பக்கம் கையை நீட்டினார். "டிலனாய்னு ஒரு டச்சுக்காரன். 1741ல கொளச்சல் சண்டையில மார்த்தாண்ட வர்மா கிட்டத் தோத்துப் பிடிபட்டான். பொறவு அதே ராஜாவுக்கு அவனே இந்தக் கோட்டையக் கட்டிக் குடுத்தான். இதுக்கு மேல நாங்க என்ன நையாண்டி அடிக்க?"

அதற்குள் "மேளம் எங்கவே?" என்று தலைவரே உள்ளே வந்துவிட்டார். ஊக்கைக் காணோம் என்று அக்கா தேடுகிறார். நாயனக்காரரோ சீவாளியை எடுக்காமல் அந்தச் செருமலை ஊதிவிட்டார். எனக்கு வயிறு கலங்கியது.

தலைவர் இடுப்பில் கை வைத்து முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஓய், அந்த நன்கொடைக் கணக்க மட்டும் மேடையில ரெண்டு தரம் ஊதும். இன்னும் பாதிப் பேரு தரல!"