மிக்ஸி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

"ஏம்மா, சப்போட்டாப் பழத்துல முள் இருக்குமா?"

சென்ற சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம் என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 72. ஆட்டம் கண்டிருந்த பற்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஈறு நன்றாக ஆறிய பிறகு பல் செட் கட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை எதையும் மெல்ல முடியாது. கஞ்சியும் குழைந்த ரசம் சாதமும் நாலே நாளில் அவருக்கு அலுத்துவிட்டன. "போதும்மா" என்று தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். "பாட்டிக்கு ஸ்மூத்தி அடிச்சுக் குடும்மா!" வேறொன்றுமில்லை, பழத்தைப் பாலோடு அல்லது தயிரோடு சேர்த்து, வடிகட்டாமல் கூழாக அடித்துக் குடிப்பதற்குத்தான் இந்தப் பெயர். ஜூஸ் வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. இதில் பழம் முழுசாக உள்ளே போகிறது.

எங்கள் பழைய மிக்ஸியின் பெரிய ஜார் ஒழுக ஆரம்பித்துப் பரணுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பொருட்காட்சியில் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் ஒரு குட்டி ஜூஸ் மெஷின். விலை 899 ரூபாய். 'சல்லிசாகக் கிடைத்ததே' என்று வாங்கி வந்துவிட்டேன். மூன்று வாரம் ஓடியது.

அன்று மாமியார் வாயிலிருந்து எடுத்தது முள் இல்லை, சகோதரிகளே. நகத்தளவு பிளாஸ்டிக் சில்லு! ஐஸ் கட்டி போட்டு அடித்ததில் ஜாரின் உட்புறம் உடைந்திருக்கிறது. "பல் இல்லாததும் நல்லதுக்குத்தான். இருந்திருந்தா கடிச்சு முழுங்கியிருப்பேன்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஜாரில்தான் காலையில் நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தைக்கும் வாழைப்பழப் பால் அடித்துக் கொடுத்திருந்தேன். அன்று இரவு நான் தூங்கவேயில்லை. தெய்வாதீனமாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் மிக்ஸி வாங்குவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவரிடமும் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பரணைப் பாருங்கள்

ஜூஸ் அடிப்பதற்கென்றே விற்கும் பிளெண்டர் மென்மையான பழத்துக்கும் திரவத்துக்கும் ஏற்பட்டது. மஞ்சள், மிளகாய், ஊறிய பருப்பு எல்லாம் அதற்குத் தாங்காது. நம் சமையலுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றுதான் 1960-களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் 'சுமீத்' மிக்ஸியை உருவாக்கினார். ஆகவே நல்ல மிக்ஸி இருக்கும் வீட்டில் தனி பிளெண்டர் அவசியமே இல்லை.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததே, அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. மோட்டார் நன்றாக இருந்தால் ஜூஸ் ஜார் மட்டும் வாங்கினால் போதும். சில நூறு ரூபாயோடு வேலை முடிந்துவிடும். பழைய ஜாரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அடியில் உள்ள கப்ளர் உங்கள் மெஷினில் சரியாகப் பொருந்த வேண்டும். ஒழுகல் மட்டும்தான் குறை என்றால் வாஷரும் புஷ்ஷும் மாற்றினாலே போதும். எங்கள் மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. அதனால்தான் புதிது வாங்க வேண்டியதாயிற்று.

வாட்ஸ் எவ்வளவு?

பழக்கூழும் சட்னியும் அரைக்க 500 வாட்ஸ் தாராளம். தினமும் இட்லி மாவு, மசாலாப் பொடி எல்லாம் அதிலேயே அரைப்பவர்கள் 750 வாட்ஸ் வாங்கலாம். "கரன்ட் பில் எகிறுமே!" என்று என்னவர் ஆட்சேபித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 500 வாட்ஸ் மிக்ஸி தினம் மூன்று நிமிஷம் ஓடினால் மாதத்துக்கு முக்கால் யூனிட்தான்.

ஜாரைக் கையில் எடுங்கள்

கடைக்காரர் மெஷினின் நிறத்தைத்தான் காட்டுவார். நீங்கள் ஜாரைத் திறந்து பாருங்கள். உள்பக்கச் சுவரில் நெடுக வரம்பு போல மேடுகள் இருக்க வேண்டும். அவைதான் சுழலும் பழத்தைத் தடுத்து மறுபடி பிளேடில் தள்ளும். அவை இல்லாவிட்டால் பால் சுற்றிக்கொண்டே இருக்கும்; பழத்துண்டு அடிபடாமல் நிற்கும்.

மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். நடுவில் சின்ன மூடி இருந்தால், ஓடும்போதே பால் ஊற்ற வசதி. எவர்சில்வர் ஜார் என்றால் உடையும் கவலை இல்லை. பிளாஸ்டிக் ஜாரானால் தினமும் கழுவும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் விட்டிருந்தால் தயவு பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்!

முத்திரையும் பில்லும்

மெஷினின் அடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வாட்ஸும், தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓட்டலாம் என்ற விவரமும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை 'பிஐஎஸ் கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால் அது அசலா போலியா என்று தெரிந்துவிடும். என் பச்சை மெஷினில் இதில் ஒன்றுமே இல்லை! பில்லையும் வாரன்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஊரிலேயே சர்வீஸ் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடிக்கும்போது கவனம்

* ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.
* முதலில் பாலோ தண்ணீரோ, பிறகு பழம். ஐஸை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டவே கூடாது.
* சூடான பாலை ஊற்றி அடித்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், முகம் வெந்துவிடும். ஆறிய பிறகே அடியுங்கள்.
* மெஷின் நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.
* சப்போட்டா, பேரீச்சை எதுவானாலும் கொட்டை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

பப்பாளி, அன்னாசி இரண்டையும் பாலில் அடித்து வைத்தால் கசந்துவிடும். ஆரஞ்சுச் சாற்றில் அடிக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்க்கவே கூடாது. சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிப்பதே நல்லது. மென்று தின்னும்போது ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்துகிறவர்கள், கூழானால் மூன்றைக் குடித்துவிடுவார்கள்! பல் எடுத்த புதிதில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உறிஞ்சினால் ரத்தக் கட்டு விலகி, புண் ஆற நாளாகுமாம். ஸ்பூனால் எடுத்துக் கொடுங்கள்.

மாமியார் டம்ளர்

கொட்டை நீக்கிய மூன்று பேரீச்சையை வெதுவெதுப்பான பாலில் அரை மணி ஊறவைத்து ஆறவிடுங்கள். நன்கு பழுத்த ஒரு பூவன் பழமும், காய்ச்சி ஆறிய ஒரு டம்ளர் பாலும் சேர்த்து நைசாக அடியுங்கள். சர்க்கரையே வேண்டாம். அடித்ததும் கொடுத்துவிடுங்கள்.

புது மிக்ஸி 500 வாட்ஸ், மூன்று ஜார், 2,700 ரூபாய். "அந்த 899-ஐயும் சேர்த்துக் கணக்குப் போடு" என்று என்னவர் குத்திக் காட்டினார். நியாயம்தான்! முதலிலேயே யோசித்திருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

ஆடியில் மாமியாருக்குப் பல் செட் வந்தது. முதல் வேலையாக முறுக்கு கேட்டுக் கடித்துப் பார்த்தார். ரவிக்கையும் இப்போது தோளில் சரியாக நிற்கிறது. "பல் வந்துடுச்சுன்னு சாயங்கால டம்ளரை நிறுத்திடாதே" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார். நான் நிறுத்தவில்லை. ஆனால் இன்றும் கொடுக்கும் முன் ஜாரை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இருப்பதில்லை.