கோவளம் தர்கா... யார் இந்த தமீம் அன்சாரி?

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனால், கடற்கரையை ஒட்டி தமீம் அன்சாரி தர்கா. மத வேறுபாடில்லாமல் மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் இடம். தொலைதூரத்தில் இறந்த நபித்தோழர் ஒருவரின் உடல் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு இங்கே கரை ஒதுங்கியது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

சரி, அரபு நூல்களில் தமீம் யார்?

கி.பி. 622-ல் மக்காவிலிருந்து மதீனா வந்த முகமது நபியை ஆதரித்த ஊர்க்காரர்கள்தான் 'அன்சாரிகள்'. உதவியாளர்கள் என்று பொருள். அவர்களில் ஒருவர் தமீம். நபிகள் தொழுகைக்கு முன் எப்படி உளூ செய்தார் என்பதை நேரில் பார்த்து, மகன் அப்பாதுக்குச் சொன்னவர். அவரைப் பற்றிக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு.

மகன் அப்பாத் இப்னு தமீமின் பெயர்தான் ஹதீஸ் உலகில் அதிகம் ஒலிக்கிறது. தந்தையின் சகோதரர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் சொன்னவற்றை அவர் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். நபிகள் மழைக்காகத் திடலுக்குச் சென்று, கிப்லாவை நோக்கி நின்று, மேலாடையைத் திருப்பிப் போட்டு, இரண்டு ரக்அத் தொழுதார் என்ற செய்தி அதில் ஒன்று. அப்துல்லாஹ் 683-ல் மதீனாவில் நடந்த ஹர்ரா போரில் கொல்லப்பட்டார். அவர் சொன்னது அவரோடு போகவில்லை.

அதற்குக் காரணம், 'இவர் சொன்னார், அவரிடமிருந்து இவர் கேட்டார்' என்று ஒவ்வொரு ஹதீஸுக்கும் முன்னால் நிற்கும் பெயர் வரிசை. அதில் ஒருவர் நம்பகமற்றவர் என்றாலும், ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க வாய்ப்பில்லை என்றாலும் அந்தச் செய்தி பலவீனமானதாகிவிடும். 870-ல் மறைந்த இமாம் புகாரி இப்படிச் சலித்தெடுத்த தொகுப்பில் மழைத்தொழுகைச் செய்தி அப்பாதின் பெயரோடு இடம்பெற்றது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் திடல்களில் நடக்கும் மழைத்தொழுகைக்கும் இதுவே வழிகாட்டி.

நூல்களில் வரும் தமீமும் கோவளத்தில் அடங்கியிருப்பவரும் ஒருவர்தானா? அதை உறுதிசெய்யும் பெயர் வரிசை எதுவும் இல்லை. ஊரின் நம்பிக்கை இருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்கள் அந்த நம்பிக்கையோடு வருகிறார்கள். ஹதீஸ் படிப்பவர்களோ முதலில் கேட்பது, 'யார் சொன்னது?' என்பதைத்தான்.