உடம்பு கொடுக்கும் கூலி

பகலெல்லாம் பாரம் சுமந்தவர், மாலையில் காசு கட்டிப் பாரம் தூக்க வருவாரா? வடசென்னையின் கத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கத்து ஜிம்களுக்கு வருகிறார்கள். ஆலையில் ஒப்பந்த வேலை முடித்தவரும் வருகிறார், குப்பத்து மீனவ இளைஞரும் வருகிறார்.

இந்த மோகம் பழையது. ஜெர்மானியப் பயில்வான் யூஜின் சாண்டோ 1905 வாக்கில் இந்தியாவைச் சுற்றி வந்தார். பிற்பாடு படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலேயே 'சாண்டோ' ஒட்டிக்கொண்டது. 2019இல் தமிழக ஆணழகர் எஸ்.பாஸ்கரன் அர்ஜுனா விருது பெற்றார்.

ஆனால், விருதை நினைத்து யாரும் தினமும் தம்புள்ஸ் தூக்குவதில்லை. காரணம் உடம்புக்குள் இருக்கிறது. முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாகப் பெருக்காது, பலம்தான் கூடும். இருக்கிற தசை இழைகளையே கூடுதலாக, ஒருசேர இயக்க மூளையும் நரம்புகளும் பழகிக்கொள்கின்றன. போன வாரம் அசையாத பளு இந்த வாரம் எழும்புகிறது. இழைகள் தடிப்பது அதன் பிறகுதான். அதுவரை காத்திருக்க வைப்பது 'பம்ப்'. பத்துப் பன்னிரண்டு முறை தூக்கி இறக்கியதும் ரத்தம் பாய்ந்து புஜம் விம்முகிறது, தோல் இறுகுகிறது, ரத்தக்குழாய் புடைக்கிறது. சற்று நேரத்தில் அது வடிந்துவிடும். கண்ணாடியில் கண்டதை மறக்க முடியாமல் மறுநாளும் வருவார்.

வெளியே, உழைப்புக்கு ஏற்ற கூலி பலருக்கும் கிடைப்பதில்லை. ஜிம்மில் 20 கிலோ 22 ஆனால், அந்த இரண்டு கிலோ முழுக்க அவருடையது. இதை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்குவது அநியாயம்.

அதே கண்ணாடி சிலருக்குப் பொய் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 108 ஆணழகர்களில் 9 பேர், கட்டுமஸ்தாக இருந்தும் தாங்கள் நோஞ்சான் என்றே நம்பினார்கள். உடம்பை மறைக்கத் தொளதொளச் சட்டை போடுவது, பயிற்சி தவறும் என்று வீட்டு விசேஷத்துக்கே வராமல் இருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். இங்கேதான் ஸ்டீராய்டு ஊசி நுழைகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், விரை சுருங்கும், இதயத் தசை பாதிக்கப்படும். நிறுத்தினால் மனச்சோர்வு வந்து மறுபடி ஊசியைத் தேட வைக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இந்த அடையாளங்கள் தெரிந்தால் திட்டாதீர்கள், ஜிம்முக்குப் போகாதே என்று தடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.