தூக்கக் கணக்கு பார்த்ததுண்டா?

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேட்டால் பதில் வராது. அடுப்படியைக் கழுவிவிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்றரை. ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். ஆக, ஐந்தரை மணி நேரம்தான்! பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை என்கிறார்கள் டாக்டர்கள்.

தூக்கக் குறைவு வெறும் கொட்டாவியோடு போய்விடுவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டு, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள்ளேயே சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அவர்கள் உடம்பில் குறைந்துவிட்டதாம்! நாள்பட்ட தூக்கக் குறைவால் ரத்த அழுத்தமும் எடையும் கூடலாம். சளி, ஜுரமும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிட்டால் சுள்ளென்று கோபம் வருகிறதே, அதற்கும் பல நாள் இதுதான் காரணம்.

கைக்குழந்தைக்காரிகள் பாடு இன்னும் சிரமம். இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் பிள்ளை பாலுக்கு அழும். "பிள்ளை தூங்கறப்போ நீயும் தூங்கு" என்று பாட்டிமார் சொன்னது சரிதான். அந்த நேரத்தில் பாத்திரம் காத்திருக்கட்டும். பால் கொடுத்த பிறகு ஏப்பம் விடவைத்துத் தூங்கப்பண்ணுவதைக் கணவர் செய்யலாம். விடியற்காலையில் மாமியாரோ அம்மாவோ பிள்ளையை வாங்கிக்கொண்டால் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். கேட்க வெட்கம் எதற்கு?

மற்றவர்கள் கவனிக்க:

* தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
* மாலை நாலு மணிக்குமேல் காபி, டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதன் சத்தில் பாதி உடம்பிலேயே இருக்கும்.
* பகல் தூக்கம் மூன்று மணிக்குள், அரைமணிக்கு மிகாமல் இருக்கட்டும். (கைக்குழந்தைக்காரிகளுக்கு இந்த விதி இல்லை!)
* செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அழுகையும் பயமும் இரண்டு வாரத்துக்குமேல் நீடிக்கிறது என்றால், "பிரசவமான உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் டாக்டரிடம் போங்கள். குணப்படுத்தக் கூடியதுதான். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

ஒரு வாரம், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் அடுப்படிக் காலண்டரில் குறித்து வாருங்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும். வேலையைப் பங்கு போடும் பேச்சை ஆரம்பிக்க அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.