வெயில் கொளுத்துகிறது, ஃபேன் ஓடவில்லை!

சித்திரை வெயிலைப் பற்றி எங்கள் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அக்னி ஸ்தலம் அல்லவா! பகலெல்லாம் மலைப் பாறை வாங்கிய சூட்டை ராத்திரி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண், இருபது நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அவ்வளவு பணம் போட்டு மாடியிலே சோலார் வெச்சீங்களே, வெயில்தான் இப்படிக் கொளுத்துதே! அப்புறம் ஏன் ஃபேன் ஓடலை?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பலகை மாட்டிய கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அது அப்படித்தாங்க" என்று வைத்துவிட்டார். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் நாத்தனார் மகன் வந்தான். "அத்தை, முதல்லே மாடிக்கு வாங்க" என்று அழைத்துப் போய் விளக்கினான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

சோலார் பலகையில் உள்ள கறுப்புச் சில்லுகள் சிலிக்கானால் ஆனவை. மணலிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள்தான் அது. வெளிச்சம் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் நகர்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். ஒரு சில்லு தருவது ஏறக்குறைய அரை வோல்ட்தான். உதிரிப் பூவைச் சரமாகத் தொடுப்பதுபோலப் பல சில்லுகளை வரிசையாகக் கோத்தால்தான் நமக்கு உதவும். ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839-லேயே பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுவிட்டாராம். உபயோகமான சிலிக்கான் சில்லு 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் உருவாயிற்று.

ஒன்றை மறக்காதீர்கள். பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதிகம் சூடானால் மின்சாரம் கொஞ்சம் குறையவே செய்யும்! வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர் வேறு, இது வேறு.

பலகையிலிருந்து வருவது டார்ச் பாட்டரியில் வருவதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம். சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர் அதை நம் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் ஏற்ற 230 வோல்ட் மின்சாரமாக மாற்றுகிறது. வீட்டுச் செலவு போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும். ராத்திரியில் அங்கிருந்து நாம் வாங்கிக்கொள்வோம். போனதையும் வந்ததையும் மீட்டர் கணக்கு வைக்கிறது.

"அதெல்லாம் சரிடா, கரண்ட் போனா இது ஏன் நிக்குது?" என்றேன்.

"மத்தியானம் நம்ம தெருக் கம்பத்திலே லைன்மேன் ஏறினாரே, பார்த்தீங்களா? கம்பியிலே கரண்ட் இல்லேன்னு நம்பித்தானே கையை வைக்கிறார்? உங்க மாடியிலிருந்து கரண்ட் போனா அவர் கதி என்ன, அத்தை?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதற்காகத்தான், தெருவில் மின்சாரம் நின்ற மறுகணமே இந்த வகை இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடுமாறு செய்திருக்கிறார்களாம். பாட்டரியோடு வரும் வேறு வகை உண்டு. அது வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து துண்டித்துவிட்டு நமக்கு மட்டும் மின்சாரம் தரும். விலைதான் அதிகம். வாங்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாளே குழந்தை இருக்கும் அறையின் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் சின்ன பாட்டரி இன்வெர்ட்டர் ஒன்று வைத்தோம். பகலில் சோலார் மின்சாரத்திலேயே அது சார்ஜ் ஆகிவிடுகிறது.

நீங்கள் வாங்குவதானால் சில யோசனைகள்:

* "கரண்ட் போனால் எது ஓடும், எது ஓடாது?" என்று முதலில் கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் இது மிக முக்கியம்.

* 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். 1 யூனிட்டில் 75 வாட் ஃபேன் 13 மணி நேரம் ஓடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியோ ஒரே மணியில் தீர்த்துவிடும்!

* பலகை தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி நிழலோ தென்னை நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலும் வரும்படி குறையும்.

* தூசியைக் காலையிலேயே தண்ணீர் விட்டு மென்மையாகத் துடையுங்கள். உச்சிவெயிலில் காயும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள்.

* 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2-க்கு 60,000-மும், 3-க்கும் அதற்கு மேலும் 78,000-மும் மானியம் என்று வைத்தார்கள். வாங்குமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாவரைப்பதையும் துணி துவைப்பதையும் காலை பத்து மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் மறுபடி கரண்ட் போயிற்று. பேரன் ஃபேன் காற்றில் அயர்ந்து தூங்கினான். தெருக் கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேனை, "நில்லுங்க தம்பி" என்று கூப்பிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.