மூன்று டிஷ்ஷும் ஒரு காசோலையும்

2022 செப்டம்பர் மாதத்தை எமது வியாபாரிகள் யாரும் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தால் ஏறியிருந்தது. செப்டம்பர் 1ஆம் திகதி வற் வரி 12 இலிருந்து 15 சதவீதமானது. 5ஆம் திகதி முதல் தொலைபேசிக் கட்டணம் 20 சதவீதத்தாலும், கட்டணத் தொலைக்காட்சிக்கான கட்டணம் 25 சதவீதத்தாலும் கூடியது. கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தை விட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. வங்கி வட்டி வேறு கழுத்தை நெரித்தது.

அந்த மாதத்தில்தான் நான் ஒரு மொத்த வியாபாரியிடம் போய், "ஹாஜியார், அந்தக் காசோலையை இரண்டு கிழமை பொறுத்துப் போடுங்க" என்று கேட்டேன். இருபது வருடத் தொடர்பு. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்கு ஏலுமான நாளைச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மனது கொஞ்சம் லேசாகியிருக்கும்.

கடைக்குத் திரும்பி வந்து லாச்சியைத் திறந்தால் அந்த மாதத்துப் பில்கள் கட்டாகக் கிடந்தன. தண்ணீர், மின்சாரம், தொலைபேசி. அவற்றுக்கு நடுவே செய்மதித் தொலைக்காட்சிப் பில் மூன்று. ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று கடையின் மேல் மாடிக்கு. 2011 உலகக் கிண்ணப் போட்டியின் போது ஆசைப்பட்டுப் பொருத்தியது. மும்பையில் இறுதிப் போட்டியில் தோற்றுப் பத்துப் பதினொரு வருடமாகியும் அந்த டிஷ்ஷுக்கு நான் காசு கட்டிக் கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது, கடைப் பையன்கள் தங்கும் அறைக்கு.

தவணை கேட்டு வந்த அதே கையில் மூன்று டிவி பில். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கு மறைக்க விரும்பவில்லை. கடனை அடைக்க வசதி உள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று மார்க்கம் சொல்லுவதை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்போம். எனக்கு வசதியில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பில் கட்டைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை.

"இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு ரூபாவெல்லாம் ஒரு காசா?" என்று சிலர் கேட்பார்கள். சம்பளக்காரர் கேட்டால் பரவாயில்லை, வியாபாரி கேட்கக் கூடாத கேள்வி இது. என்னைப் போல பிளாஸ்டிக், அலுமினியச் சாமான் விற்பவனுக்கு வாடகை, கூலி, மின்சாரம், உடைந்தது, பழுதானது எல்லாம் போக நூற்றுக்கு ஐந்து கையில் நின்றால் அது நல்ல மாதம். அந்தக் கணக்கில் 2,500 ரூபா பில் ஒன்றைக் கட்ட 50,000 ரூபாவுக்குச் சாமான் விற்க வேண்டும். மூன்று பில்லுக்கு ஒன்றரை இலட்சம். எத்தனை வாளி, எத்தனை சட்டி, எத்தனை வாடிக்கையாளரோடு பேரம் பேசித் தொண்டை வறண்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். செலவை ரூபாவில் பார்க்காமல் விற்பனையில் பார்க்கும் இந்தப் பழக்கம் என் வாப்பாவுடையது. நான் அதைச் சரக்குக்கு மட்டும் பாவித்து வந்தேன், வீட்டுப் பில்லுக்குப் பாவிக்கவில்லை.

சரி, வெட்டுவது என்று முடிவாயிற்று. எதை வெட்டுவது? இங்கேதான் நான் பிழை விட்டேன்.

முதலில் வெட்டியது பையன்களின் அறை இணைப்பை. காரணம் வேறொன்றுமில்லை, அதை வெட்டினால் என்னிடம் கேள்வி கேட்க ஆளில்லை. பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிழமையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவர் வந்து, "முதலாளி, இஷாவுக்குப் பிறகு அறையில் ஒருத்தனும் இல்லை" என்றார். இருவர் வீதியில் சுற்றுகிறார்கள். ஒருவன் கைத்தொலைபேசியில் படம் பார்த்து டேட்டாவுக்கே காசைக் கரைக்கிறான். அந்த மாதம் அவன் கேட்ட முற்பணம் நான் மிச்சம் பிடித்த பில்லை விடக் கூடியது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்தேன். பையன்கள் நால்வர். இரவில் ஆளுக்கு மூன்று மணித்தியாலம் பார்க்கிறார்கள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 12, மாதத்துக்கு 360 மணித்தியாலம். 2,500 ரூபாவை அதனால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 7 ரூபா. மேல் மாடி டிவியை மாதத்தில் பத்து மணித்தியாலம் பார்த்தால் பெரிய விஷயம், அதுவும் நான் ஒருவன்தான். மணித்தியாலத்துக்கு 250 ரூபா! ஓடுகிற சாமானை இறக்கிவிட்டு ஓடாத சாமானைத் தட்டில் அடுக்கி வைத்திருந்திருக்கிறேன். மேல் மாடியை வெட்டி, பையன்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். இம்முறை முற்கொடுப்பனவு இணைப்பாக. பாதி என் பொறுப்பு, பாதி அவர்கள் நால்வருக்குள். காசு சேராத மாதத்தில் ரீலோட் போடமாட்டார்கள், பில்லும் ஏறாது.

வீட்டுக் கதை இன்னும் நுணுக்கமானது. என் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கிழமைக்கு யார் எந்தச் செனல் பார்த்தாலும் புள்ளடி போடச் சொன்னேன். நாங்கள் வைத்திருந்த பெரிய பொதியில் எத்தனையோ செனல்கள். புள்ளடி விழுந்தது ஒன்பதுக்கு. அந்த ஒன்பதில் ரூபவாஹினி, நேத்ரா, சக்தி, வசந்தம் ஆகிய நான்கும் கூரையில் சாதாரண அன்டெனா போட்டால் இலவசமாக வருபவை. அதாவது, சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறோம். (பிறை அறிவித்தலுக்கு இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைத்தான் எமது வீட்டில் இன்றும் நம்புவார்கள். அதற்குப் பில்லே இல்லை.)

உடனே கம்பனிக்கு அழைத்துச் சிறிய பொதிக்கு இறங்கினேன். மறுநாள் சுபஹுக்குப் பிறகு உம்மா கேட்டார்: "மகன், மக்கா வருதில்லையே. காத்துக்கு டிஷ் திரும்பிட்டோ?"

ஹரம் ஷரீபின் நேரடி ஒளிபரப்பு சிறிய பொதியில் இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. புள்ளடித் தாளில் அதற்கு எதிரே ஏழு நாளும் குறி இருந்தது, செனல் பட்டியலோடு ஒப்பிட மட்டும் மறந்துவிட்டேன். உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. உம்றாவுக்குப் போன பிறகு அந்தத் திரைதான் அவருக்குத் துணை. "பார்க்கிறன் உம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தேன். டிஷ் திரும்பவில்லை, நான்தான் திருப்பினேன் என்று சொல்ல நா எழவில்லை.

பேரன் ஒரு வழி சொன்னான். கைத்தொலைபேசியில் இன்டர்நெட் மூலம் மக்காவை இலவசமாகப் பார்க்கலாம் என்றான். ஒளிபரப்பு இலவசம்தான், டேட்டா இலவசமில்லை. நடுத்தரத் தெளிவில் வீடியோ பார்த்தால் மணித்தியாலத்துக்குக் குறைந்தது அரை ஜீபி போகும். உம்மா நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் பார்ப்பார். மாதம் 45 ஜீபி. படத்தின் தெளிவைக் கூட்டினால் அதுவும் போதாது. டிஷ்ஷை வெட்டி மிச்சம் பிடித்தோம் என்று பெருமை பேசும் பல வீடுகளில் அந்தக் காசு சத்தமில்லாமல் டேட்டா பில்லில் போய்ச் சேர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். வீட்டில் அளவில்லாத பைபர் இணைப்பு இருப்பவருக்கு இது வேறு கதை. இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் கட்டுவதுதான் வீண்விரயம்.

கடைசியில் ஒரு படி ஏறி, அந்தச் செனல் உள்ள நடுத்தரப் பொதியில் நிறுத்தினோம். பழைய பொதியை விட அது குறைவு. முன்னர் விளையாட்டுச் செனல்களுக்கும் ஆங்கிலப் படங்களுக்கும் சேர்த்துக் கட்டிய காசு மிச்சம். மகன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். பிறகு சரியாகிவிட்டது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிவியை நிறுத்தினாலும் டிகோடர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து கொண்டே இருக்கும். பெட்டி 10 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் 24 மணித்தியாலம், 30 நாளுக்கு 7.2 அலகு. 60 அலகுக்கும் 90 அலகுக்கும் எல்லை கட்டி விலை கூட்டும் எமது மின்பட்டியலில், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த ஏழு அலகு சும்மா அல்ல. சுவரில் உள்ள ஆளியை அணைத்துவிட்டுப் படுங்கள்.

சாப்பாட்டுக் கடை, தேநீர்க் கடை வைத்திருப்போர் கேட்பார்கள்: எமக்கு டிவி செலவா, முதலீடா? மருதானைப் பக்கம் சிறிய ஹோட்டல் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் அதற்கு நல்ல விடை வைத்திருக்கிறார். 2022 செப்டம்பர் 11ஆம் திகதி துபாயில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் எமது அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்ற இரவு அவருடைய கடை நிரம்பி வழிந்தது. ரோல்ஸும் கொத்தும் போட்டுக் கை ஓயவில்லை. ஆனால் அவர் அந்த ஓர் இரவை வைத்துத் தீர்ப்பெழுதவில்லை. போட்டி உள்ள நாள் கல்லாவையும் இல்லாத நாள் கல்லாவையும் இரண்டு மாதம் தனித்தனியாகக் குறித்தார். சாதாரண நாளில் டிவி ஓடினால் ஒரு பிளேன் டீயோடு ஒன்றரை மணித்தியாலம் மேசை பிடித்து உட்காருகிறார்கள், சாப்பிட வந்தவர் இடமில்லாமல் அடுத்த கடைக்குப் போகிறார் என்பது கொப்பியில் தெரிந்தது. மாதாந்தப் பில்லை நிறுத்திவிட்டு முக்கியமான போட்டித் தொடர்களுக்கு மட்டும் காசு போட்டுக்கொள்கிறார். மற்ற நாளில் திரை கறுப்பு.

அவரிடம் நான் கேட்காத, ஆனால் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வீட்டுப் பாவனைக்கென்று எடுத்த இணைப்பைக் கடையில் ஓடவிடுவதை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? வியாபார இடங்களுக்குத் தனிப் பொதி இருக்கிறது. அதேபோல ஒரு டிகோடரிலிருந்து வயர் இழுத்து மூன்று வீட்டுக்குக் கொடுப்பது, பூட்டு உடைத்த பெட்டி வாங்கிச் சும்மா பார்ப்பது எல்லாம் எமது தெருக்களில் புதிதல்ல. நிறுவைக் கல்லில் ஐந்து கிராம் குறைந்தால் குமுறும் நாம் இதைச் சாமர்த்தியம் என்கிறோம். அதிலும் அந்தப் பெட்டியில் மக்காவைப் பார்ப்பது என்ன கணக்கோ, எனக்கு விளங்கவில்லை.

இனி, இணைப்பை மூடும் விடயம். இதில் எனக்கு நட்டம் ஏற்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிற்கொடுப்பனவு இணைப்பில் பில் கட்டாமல் விட்டால் படம் நிற்கும், கணக்கு நிற்காது. மேல் மாடி இணைப்பைத் தொலைபேசியில் சொல்லி நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பனியின் பதிவில் அது 'தற்காலிக நிறுத்தம்'. மூன்று மாதம் கழித்து நிலுவையோடு கடிதம் வந்தது. யாரோடு பேசினேன், எந்த நாள் பேசினேன் என்று கேட்டார்கள். என்னிடம் குறிப்பில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சூறா அல்பகறாவின் 282ஆவது வசனத்தில் அல்லாஹ் நீளமாகவே சொல்லியிருக்க, இருபது வருடம் கடைப் புத்தகம் எழுதிய நான் இதை எழுதவில்லை. கட்டித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே நேரடியாகக் கிளைக்குப் போங்கள். மூடும்படி கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். ஒப்பந்த காலம் முடிந்துவிட்டதா, முதலில் கட்டிய வைப்புப் பணம் மீளக் கிடைக்குமா, டிகோடர் உங்களுடையதா கம்பனியுடையதா என்று கேளுங்கள். கம்பனியுடையது என்றால் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு எடுங்கள். மூடாமல் முற்கொடுப்பனவுக்கு மாறுவதாக இருந்தால், போட்ட காசு பார்க்காத நாளிலும் நாளாந்தம் கழியுமா, பார்த்த நாளுக்கு மட்டுமா என்பதைக் கேட்காமல் வராதீர்கள். பொதிக்குப் பொதி இது வேறுபடும். விலையைக் கேட்கும்போது வரியோடு சேர்த்துக் கேளுங்கள். 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் 18 சதவீதமானபோது, கம்பனி தன் விலையில் ஒரு சதம் கூட்டாவிட்டாலும் பில் ஏறவே செய்தது.

அந்தக் காசோலை சொன்ன நாளில் பாஸானது, அல்ஹம்துலில்லாஹ். மொத்த வியாபாரியிடம் சில மாதம் கழித்து மூன்று பில் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "இருங்க, எங்கட வீட்டில எத்தனை டிஷ் என்று நானும் கேட்டுப் பார்க்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார்.

மேல் மாடி டிஷ்ஷை இன்னும் கழற்றவில்லை. ஏணி வைத்து ஏற ஆள் கேட்கும் கூலி, பழைய இரும்புக்காரன் அதற்குத் தரும் காசை விடக் கூட.